சொல்லின் நடுவைப் படிக்கக் கற்பிப்போம்



நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லின் தலையைப் படிக்கிறார்கள்; நடுவைப் படிப்பதில்லை. பல ஆண்டுகளாக வகுப்பறையில் கண்டு வருவதை வைத்தே இதைச் சொல்கிறேன். 'பொருந்தாத விடையைத் தெரிவு செய்க' என்று கேள்வித்தாளில் இருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகூடப் பொருந்தும் விடைக்கு வட்டமிட்டுவிட்டு மகிழ்ச்சியாகத் தாளை நீட்டும். 'பொருந்' என்ற பகுதி கண்ணில் பட்டதுமே எஞ்சியதை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. நடுவில் நிற்கும் 'ஆ' என்னும் ஓரெழுத்து பொருளையே தலைகீழாக்கிவிட்டது என்பதை அப்பிள்ளை அறியவில்லை.

இதைக் 'கவனக்குறைவு' என்று எழுதிச் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுகிறோம். வீட்டில் பெற்றோரும் அவ்வாறே கண்டிக்கிறார்கள். இது கவனக்குறைவு மட்டுமன்று என்பதே என் கருத்து. சொல்லுக்குள் உறுப்புகள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் காட்டாமல் விட்டதன் விளைவு இது.

மூன்று மொழிப் பிள்ளை

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மொழிகளைப் படிக்கிறது. பண்டமாரானில் வாழும் பிள்ளைக்கு அந்த மூன்றோடும் முடிவதில்லை. காலைச் சந்தையில் ஹொக்கியன் சீனம் காதில் விழுகிறது. கிள்ளான் பட்டணத்தில் பஞ்சாபி பேசும் குடும்பங்களும் உண்டு. இத்தனை மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு மொழியின் அமைப்பைப் பற்றிய அறிவு எளிதில் வாய்க்க வேண்டும். வாய்க்கிறதா?

மலாய்மொழியில் சொல்லின் பொருளை மாற்றும் ஒட்டுகளில் பெரும்பாலானவை சொல்லின் முன்னால் வருகின்றன. 'துலிஸ்' என்பது எழுது என்னும் வேர்ச்சொல். 'மெனுலிஸ்' என்றால் எழுதுதல். 'டிதுலிஸ்' என்றால் எழுதப்படுதல். செய்வினையா செயப்பாட்டுவினையா என்பதைச் சொல்லின் முதல் அசையே அறிவித்துவிடுகிறது. எதிர்மறைக்குத் 'தீடாக்' என்னும் தனிச்சொல் வினைக்கு முன்னரே வந்து நிற்கிறது. ஆங்கிலத்திலும் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் தனியாகவே நிற்கும்.

தமிழ் அப்படியன்று. பகுதி முதலில் வரும். காலம், எதிர்மறை, பிறவினை ஆகியவை நடுவில் வரும். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இறுதியில் வரும். 'செய்தவன்', 'செய்யாதவன்' என்னும் இரு சொற்களின் தலையும் ஒன்று, வாலும் ஒன்று. நடுதான் வேறு. தலையை மட்டும் பார்த்துப் பொருளை ஊகிக்கும் பழக்கத்தோடு தமிழுக்கு வரும் பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

நடுவில் நிற்பது ஒன்று, நடுவைப் பிளப்பது மற்றொன்று

மலாய்மொழி இலக்கணம் ஒட்டுகளை நான்காகப் பிரிக்கிறது. முன்னால் வருவது அவாலான். பின்னால் வருவது அக்கீரான். இருபுறமும் அணைத்து வருவது அப்பித்தான். வேர்ச்சொல்லின் உள்ளே நுழைவது சிசிப்பான். இந்த நான்காவது வகையை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

'துஞ்சுக்' என்றால் காட்டு. அதன் முதல் மெய்யெழுத்தை அடுத்து 'எல்' நுழைகிறது. 'தெலுஞ்சுக்', அதாவது சுட்டுவிரல், பிறக்கிறது. 'கிகி' என்றால் பல். 'எர்' உள்ளே நுழைந்தால் 'கெரிகி'. அரம்பப் பற்களைப் போன்ற விளிம்பு. 'குருஹ்' என்றால் இடி. 'எம்' நுழைந்தால் 'கெமுருஹ்', இடிபோன்ற பேரொலி. 'சாம்புங்' என்றால் தொடர்தல். 'இன்' நுழைந்த 'சினாம்புங்' என்னும் வடிவமே, தொடர்ச்சி என்று பொருள்படும் 'கெசினாம்புங்ஆன்' என்ற சொல்லில் இருக்கிறது. மலாயில் இவ்வகைச் சொற்கள் சிலவே. இன்று புதுச் சொற்களை இவ்வழியில் ஆக்குவது அரிது. ஆனால் மலாய்க்கு உறவான பிலிப்பைன்சின் தகாலோக் மொழியில் இம்முறை இன்றும் உயிரோடு இயங்குகிறது. நமக்கு அருகிலுள்ள கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடியினரின் மொழி ஆசுத்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர் முதலாக அக்குடும்பத்து மொழிகள் பலவற்றிலும் வேர்ச்சொல்லுக்குள் ஒட்டு நுழைவது பழைய வழக்கம்.

இனித் தமிழுக்கு வருவோம். பகுபத உறுப்புகள் ஆறு என்று பவணந்தி முனிவரின் நன்னூல் சொல்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன அவை. 'நடந்தனன்' என்பதைப் பிரித்தால் நட பகுதி, த் சந்தி, அந்தத் 'த்' 'ந்' ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் விகுதி. இங்கே 'நட' என்னும் பகுதி பிளக்கப்படவே இல்லை. இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் இடையே நிற்கிறது. பகுதியின் வயிற்றுக்குள் அது நுழைவதில்லை.

ஆகவே இடைநிலையும் சிசிப்பானும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. 'மலாயில் சிசிப்பான் என்கிறார்களே, அதுதான் தமிழில் இடைநிலை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் பிள்ளைக்கு இரு மொழியிலும் குழப்பமே மிஞ்சும். சிசிப்பான் வேரைப் பிளந்து உள்ளே போகிறது. இடைநிலை வேரை அடுத்து நிற்கிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னால் இரு மொழியும் துலங்கும்.

பஞ்சாபி சொல்லித் தரும் பாடம்

தமிழின் இம்முறை உலகில் நமக்கு மட்டும் உரிய விந்தையா? இல்லை. இதைக் காட்டவே நம் அண்டை வீட்டாரின் மொழியான பஞ்சாபியை இங்கே அழைக்கிறேன். பஞ்சாபி இலக்கணத்தில் முன்னொட்டுக்கு அகேத்தர் என்று பெயர், பின்னொட்டுக்குப் பிச்சேத்தர், நடுவில் வருவதற்கு மதேத்தர். முன், பின், நடு என்ற பொருளிலேயே பெயர்கள் அமைந்திருக்கின்றன.

'கர்னா' என்றால் செய்தல். 'கராவுணா' என்றால் செய்வித்தல். 'கர்வாவுணா' என்றால் வேறொருவரைக் கொண்டு செய்வித்தல். 'கர்' என்னும் வேருக்கும் இறுதி விகுதிக்கும் நடுவே முதலில் 'ஆ' வருகிறது. பிறகு 'வா' வருகிறது. வேர் பிளக்கப்படவில்லை. பார்வைக்கு நடுவில் நின்றாலும் இது நம் இடைநிலையைப் போல வேரை அடுத்து நிற்பதே. தமிழிலும் செய்தான், செய்வித்தான் என்கிறோம். நடுவில் வந்த 'வி' செய்பவரை மாற்றிவிட்டது.

பஞ்சாபியில் வேரின் உள்ளேயே மாற்றம் நிகழ்வதும் உண்டு. 'மர்னா' என்றால் சாதல். 'மார்னா' என்றால் அடித்தல், கொல்லுதல். குறில் நெடிலானதும் தன்வினை பிறவினையாயிற்று. நம்மிடம் அதற்கு இணையாகத் திருந்தினான், திருத்தினான், அடங்கினான், அடக்கினான், திரும்பினான், திருப்பினான் என்பவை இருக்கின்றன. நடுவிலுள்ள மெல்லினம் வல்லினமாகிறது. செயல் தன்னை விட்டுப் பிறர்மேல் செல்கிறது. இங்கே எழுத்து நுழையவில்லை, மாறுகிறது. உள்ளே நுழைவது வேறு, அடுத்து நிற்பது வேறு, உள்ளே மாறுவது வேறு. இம்மூன்றையும் பிரித்தறிந்த பிள்ளைக்கு எந்த மொழியின் இலக்கணமும் அச்சம் தராது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பஞ்சாபி எந்த மொழிக்குடும்பத்தில் பிறந்ததோ அதே குடும்பத்தின் வடமொழியில் வேரைப் பிளக்கும் முறையும் இருந்தது. 'யுஜ்' என்றால் இணை. நாம் அறிந்த யோகம் என்ற சொல்லுக்கு வேர் அதுவே. அதன் நிகழ்கால வினை 'யுனக்தி'. 'யு' என்பதற்கும் 'ஜ்' என்பதற்கும் நடுவே 'ன' நுழைந்து, 'ஜ்' 'க்' ஆகத் திரிந்தது. பாணினியின் மரபில் இவ்வினைகள் ஏழாம் கணமாக வகுக்கப்பட்டுள்ளன. பழைய நாளில் இருந்த அந்த முறை பஞ்சாபியில் இன்று ஓர் இலக்கண வழியாக நிலைக்கவில்லை. மொழிகள் தங்கள் கருவிகளைக் கால ஓட்டத்தில் கைவிடுகின்றன என்பதற்கு இஃது ஒரு சான்று.

கற்பதும் கற்பிப்பதும்

நம் தொழிலுக்கே உரிய சொல்லை வைத்து மூன்று மொழிகளையும் ஒருசேரப் பாருங்கள்.

மலாய்: ஆஜார் என்பது வேர். பெல்+ஆஜார் என்றால் கற்றல். மெங்+ஆஜார் என்றால் கற்பித்தல். வேறுபாடு முன்னால் நிற்கிறது.

பஞ்சாபி: சிக்கணா என்றால் கற்றல். சிகாவுணா என்றால் கற்பித்தல். சிக்வாவுணா என்றால் ஒருவரைக் கொண்டு கற்பிக்கச் செய்தல். வேறுபாடு நடுவில் நிற்கிறது.

தமிழ்: கற்றாள், கற்பித்தாள். கல் என்னும் பகுதி ஒன்றே. ஆள் என்னும் விகுதியும் ஒன்றே. வேறுபாடு நடுவில் நிற்கிறது.

மாணவியை ஆசிரியை ஆக்குவது 'பி' என்னும் ஓரெழுத்து! இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அடுத்த பாடவேளை முழுவதும் 'பி' போட்டுச் சொற்களை ஆக்கிக்கொண்டே இருந்தனர். நடப்பித்தான், உண்பித்தான், காண்பித்தான் என்று வரிசையாக வந்தன. இலக்கணம் பிள்ளைகளுக்குக் கசக்கிறது என்று யார் சொன்னது? நாம் ஊட்டும் முறை கசக்கிறது.

எழுத்துப் பிழைக்கும் இதுவே மருந்து

'நீங்கள் சொல்வது மொழியியல் படிப்பவர்க்கு உதவும். எங்கள் பிள்ளைக்கு என்ன பயன்?' என்று ஒரு பெற்றோர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பயன் எழுத்தில் உடனே தெரியும்.

நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் மிகுதியாகக் காணும் பிழை ரகர றகர மயக்கம். 'வருகிரான்', 'போகிரார்', 'சென்ரான்' என்று எழுதுகிறார்கள். பத்துத் தடவை திருத்தி எழுதச் சொல்கிறோம். பதினோராவது தடவையும் பிழை வருகிறது. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனனம் செய்யச் சொல்கிறோம். கிறு, கின்று என்பன நிகழ்கால இடைநிலைகள், அவற்றில் வருவது வல்லின றகரமே என்று ஒருமுறை விளங்கிவிட்டால், நிகழ்கால வினைமுற்று ஆயிரம் வந்தாலும் பிழை வராது. ஒரு விதி ஆயிரம் சொற்களைக் காக்கிறது.

இறந்தகாலத்துக்கும் அப்படியே. த், ட், ற், இன் என்னும் நான்கையும் பிள்ளை அறிந்தால் போதும். செய்தான் என்பதில் த்; உண்டான் என்பதில் ட்; சென்றான் என்பதில் ற்; ஓடினான் என்பதில் இன். 'ஓடுனான்', 'பாடுனான்' என்று எழுதும் பிள்ளைக்கு 'இன்' எங்கே போயிற்று என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். 'வந்தான்' என்பதில் தந்நகரமும் 'சென்றான்' என்பதில் றன்னகரமும் ஏன் வருகின்றன என்பதும் விளங்கும். தகரத்தின் முன் அதன் இனமான நகரம். றகரத்தின் முன் அதன் இனமான னகரம். காரணம் தெரிந்த பிள்ளைக்கு மனனம் எதற்கு?

இப்பிழைகளுக்கு வேர் நம் பேச்சுவழக்கில் இருக்கிறது. படித்தான் என்பது படிச்சான் ஆகிறது. செய்கிறான் என்பது செய்றான் ஆகிறது. நின்றான் என்பது நின்னான் ஆகிறது. பேச்சு சொல்லின் நடுவைத்தான் தேய்க்கிறது. தலைக்கும் வாலுக்கும் அவ்வளவு சேதமில்லை. பேச்சுவழக்கை நான் பழிக்கவில்லை. அஃது இயல்பு. ஆனால் வீட்டில் கேட்கும் தமிழில் நடு தேய்ந்திருப்பதால், பள்ளியில் எழுதும் தமிழில் அந்த நடுவை நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டும். வேறு யார் காட்டுவார்?

'சுமை' என்னும் மறுப்பு

சிலர் சொல்வார்கள்: 'பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மூன்று மொழி. இதில் ஒப்பிலக்கணம் வேறா?' நான் புதிதாக ஒரு பாடத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. மலாய்மொழிப் பாடத்தில் அவாலானும் அக்கீரானும் வரத்தான் போகின்றன. தமிழ்ப் பாடத்தில் தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை வரத்தான் போகின்றன. அடுத்தடுத்த பாடவேளைகளில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே கருத்தை இரு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறியாமல் நடத்துகிறார்கள். அதை இணையுங்கள் என்றே கேட்கிறேன். இரு சுமைகளை ஒன்றாகக் கட்டினால் சுமை குறையுமே தவிரக் கூடாது.

வேறு சிலர், 'இப்போதுதான் தேர்வே இல்லையே' என்கிறார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. படிவம் 3இன் பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. இன்று வகுப்பறைசார் மதிப்பீடு நடைபெறுகிறது. தேர்வுக்காக இலக்கணத்தை மனனம் செய்வித்த கட்டாயம் நீங்கியது நல்லதுதான். இப்போதாவது புரியவைக்க நேரம் ஒதுக்கலாம் அல்லவா? தேர்வு போனதும் இலக்கணமும் போகட்டும் என்று விட்டுவிட்டால், இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை எஸ்.பி.எம். தமிழை எடுக்க அஞ்சும். 'தமிழ் கடினம்' என்று அப்பிள்ளை சொல்லும்போது அதை நம்மால் குறைகூற இயலாது.

பஞ்சாபிக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் பஞ்சாபியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுத் தொடக்கப்பள்ளி இல்லை. குருத்துவாராக்களில் நடக்கும் வகுப்புகளில் அவர்களின் பிள்ளைகள் குர்முகி எழுத்தைக் கற்கிறார்கள். நமக்கோ ஆறு ஆண்டுகள், நாள்தோறும், முழுப் பள்ளி இருக்கிறது. இவ்வளவு பெரிய வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வினைச்சொல்லின் அமைப்பைக்கூடப் பிள்ளைக்குக் காட்டாமல் அனுப்பினால் அது யாருடைய குறை?

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு மூன்று பரிந்துரைகள்.

1. மணிலா அட்டையை மூன்று நிறத்தில் வெட்டுங்கள். பகுதிக்கு ஒரு நிறம், நடுவில் வருவதற்கு ஒரு நிறம், விகுதிக்கு ஒரு நிறம். பிள்ளைகள் 'செய்', 'த்', 'ஆன்' என்று ஒட்டட்டும். நடு அட்டையை மட்டும் மாற்றிச் செய்கிறான், செய்வான் என்று ஆக்கட்டும். பிறகு 'துஞ்சுக்' என்பதை ரோமன் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, அதைத் 'தெலுஞ்சுக்' ஆக்கச் சொல்லுங்கள். அட்டையை வெட்டாமல் முடியாது. தமிழ் இடைநிலைக்குப் பசை போதும். மலாய்ச் சிசிப்பானுக்குக் கத்தரிக்கோல் வேண்டும். இதைக் கையால் செய்த பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

2. கலைச்சொற்களை முதலில் சொல்லாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு 'நடு எழுத்து என்ன வேலை செய்கிறது?' என்ற கேள்வியே போதும். பகுபத உறுப்பிலக்கணம் என்ற பெயர் மேல்வகுப்பில் வரட்டும். வேலை தெரிந்த பிறகு பெயர் சொன்னால் பெயர் நிலைக்கும்.

3. மலாய்மொழி ஆசிரியரோடு தவணைக்கு ஒருமுறையேனும் அமர்ந்து பேசுங்கள். அவர் ஒட்டுகளை நடத்தும் வாரத்தில் நீங்கள் பிறவினையை நடத்துங்கள். ஆஜார், பெலாஜார் என்பதையும் கல், கற்பி என்பதையும் இரு வகுப்பிலும் எழுதிப் போடுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாள்தோறும் நாளிதழிலிருந்து ஒரு தலைப்பை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டுங்கள். அதிலுள்ள வினைச்சொல்லைக் காட்டி, 'இதன் நடுவில் என்ன இருக்கிறது? அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். இலக்கணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை விளக்கும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். விளக்கும் பிள்ளை மறக்காது.

'பொருந்தாத' என்ற சொல்லைக் கண்டதும் ஒரு பிள்ளை கையை நிறுத்தி, நடுவிலுள்ள 'ஆ'வைப் பார்த்துவிட்டு விடையைத் தேடினால், நம் பணி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். வரும் தவணையில் உங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள்.